ஆடியும் ஆடக் கற்பித்தும்: ஒரு மேற்கிந்தியத் தம்பதியர்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



'நடனமும் கல்வியும்' பற்றி இருபது நிமிடம் பேசும்படி செயலாளர் கேட்டிருந்தார். பாடசாலைகளில் முப்பது வருடம் பரதம் கற்பித்தவள் என்பதால் பரதத்தைப் பற்றித்தான் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். ஆனால் அரங்கேற்றம் தேவைப்படாத ஆட்டங்களைப் பற்றி இன்று பேசலாமென்று நினைக்கிறேன். திருமண வீட்டிலும், அறுவடை முடிந்த இரவிலும், செத்தவீட்டிலும் ஊரே சேர்ந்து ஆடுகிற ஆட்டங்கள் அவை. அவற்றை ஒரு பாடமாகக் கற்பிக்க முடியுமா? கற்பித்தால் அவற்றுக்கு என்ன ஆகும்? இந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுவதும் மல்லுக்கட்டிய ஒரு கணவனும் மனைவியும் மேற்கிந்தியத் தீவுகளில் பிறந்தவர்கள். மேற்கிந்தியத் தீவுகள் என்றதும் எங்கள் வீட்டு ஆண்களுக்குக் கிரிக்கெட்தான் ஞாபகம் வரும். இன்றைக்கு அதைக் கொஞ்சம் மறந்துவிடுவோம்.

மனைவியின் பெயர் பேர்ள் பிரைமஸ். கணவர் பேர்சிவல் போர்ட். இருவரும் டிரினிடாட் தீவைச் சேர்ந்தவர்கள். பேர்ள் 1919இல் அங்கே பிறந்து, நடை பழகிய வயதிலேயே பெற்றோருடன் நியூயோர்க்குக்குப் போனவர். அவர் ஆடப் பிறந்தவர் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. அவருடைய ஆசை வைத்தியராவது. ஹண்டர் கல்லூரியில் உயிரியல் படித்து 1940இல் பட்டம் பெற்றார். ஆய்வுகூடங்களில் வேலை தேடினார். கறுப்பினப் பெண்ணுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்காக அரசின் இளைஞர் வேலைத் திட்டமொன்றில் சேர்ந்தபோதுதான் நடனம் அவரைத் தேடி வந்தது. 1943 பெப்ரவரியில் முதல் மேடை. நிலத்திலிருந்து அவர் எழும்பிப் பாய்வதைப் பார்த்தவர்கள் அதைப் பற்றியே பேசினார்கள். அடுத்த ஆண்டுக் கோடையில், பேரும் புகழும் வந்துகொண்டிருந்த வேளையில், அமெரிக்கத் தெற்குக்குப் போய்ப் பருத்தித் தோட்டத் தொழிலாளரோடு வாழ்ந்தார். தேவாலயங்களில் மக்கள் பாடும்போது உடம்பு எப்படி அசைகிறது என்று பார்ப்பதற்காகப் போனார். பின்னர், 1948இல், ஒரு புலமைப்பரிசில் பெற்று ஆபிரிக்காவுக்குப் போனார். மேடையில் ஒன்றை ஆடுமுன் அது ஆடப்படும் முற்றத்தில் போய் நிற்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். நாட்டியம் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பிடிவாதத்தில் கால்வாசி இருந்தாலே போதும் என்று நான் நினைப்பதுண்டு.

பேர்சிவல் டிரினிடாட்டிலேயே வளர்ந்தவர். போர்ட் ஒஃப் ஸ்பெயின் நகரத்தின் 'லிட்டில் கரிப்' அரங்கில் ஆடியவர். அந்த அரங்கைப் பற்றி இந்த மண்டபத்தில் கட்டாயம் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதை உருவாக்கியவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை.

பெரில் மக்பேர்னி என்பது அவர் பெயர். பிரித்தானிய ஆட்சிக் காலத்து டிரினிடாட்டில் படித்தவர். அங்கே பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஸ்கொட்லாந்து ஆட்டங்களும் ஆங்கிலக் கிராமிய ஆட்டங்களும் கற்பித்தார்கள். எங்கள் மிஷன் பாடசாலைகளில் மேபோல் கம்பத்தில் ரிபன் பின்னிய அக்காமார் இங்கே சிலர் இருக்கிறீர்கள், உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. பாடசாலை மதிலுக்கு வெளியே, மலையடிவாரக் கிராமங்களில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்த ஆட்டங்களை ‘நல்ல குடும்பத்துப்’ பிள்ளைகள் எட்டிப் பார்ப்பதும் இழுக்கு. மக்பேர்னி அந்தக் கிராமங்களுக்குப் போனார். பார்த்தார், எழுதிக்கொண்டார், ஆடிப் பழகினார். ஆசிரிய பயிற்சி பெற்ற அவர் 1938இல் நியூயோர்க்குக்குப் படிக்கப் போனார். அங்கே தம் தீவின் ஆட்டங்களைக் கற்பித்தபோது அவரிடம் கற்றவர்களில் ஒருவர் பேர்ள் பிரைமஸ். 1945இல் ஊர் திரும்பிக் கல்வித் திணைக்களத்தில் நடனப் பொறுப்பேற்றார். 1948இல் லிட்டில் கரிப் அரங்கைத் திறந்தார். அதற்கு அடிக்கல் நாட்டியவர் பாடகர் போல் ரொப்சன். எங்கள் சதிர் பரதநாட்டியமாகிக் கலாக்ஷேத்திரம் 1936இல் தோன்றிய கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள ஒற்றுமையும் வேற்றுமையும் தனியான உரைக்குரியவை.

ஆக, மனைவி நியூயோர்க்கிலும் கணவர் போர்ட் ஒஃப் ஸ்பெயினிலும் ஒரே ஆசிரியையின் கையால் உருவானவர்கள். 1953இல் பேர்ள் தம் பிறந்த தீவின் ஆட்டங்களை ஆராயப் போனபோது இருவரும் சந்தித்தார்கள். பின்னர் மணம் செய்துகொண்டு, ஒன்றாக ஆடி, ஒன்றாகக் கற்பித்தார்கள். நியூயோர்க்கில் அவர்கள் நடத்திய நடனப் பள்ளிக்குப் 'பிரைமஸ்-போர்ட்' என்று பெயர். மனைவியின் பெயர் முதலில் வருகிறது. எங்கள் கலியாண அழைப்பிதழ் அச்சடிப்பவர்கள் கவனிக்க.

இந்த ஆட்டங்கள் எப்படிப்பட்டவை? முதலில் பெலே. காற்பந்தாட்டக்காரரும் அல்ல, ஐரோப்பிய பாலேயும் அல்ல. 1783இல் ஸ்பெயின் அரசு கத்தோலிக்கக் குடியேறிகளை டிரினிடாட்டுக்கு அழைத்தபோது பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் அடிமைகளோடு வந்தார்கள். மாளிகைக்குள்ளே முதலாளிமார் சோடி சோடியாக ஆடியதை வெளியே நின்று பார்த்தவர்கள், அந்த நளினத்தை எடுத்துத் தங்கள் மேளத்துக்கு ஆடினார்கள். ஒருத்தி பாட்டெடுப்பாள், மற்றவர்கள் தொடர்வார்கள். பெண்கள் அகன்ற பாவாடையின் இரண்டு ஓரங்களையும் விரித்துப் பிடித்து, மேளக்காரனை நோக்கி வந்து வணங்கி, விலகுவார்கள். இடுப்புக்கு மேலே சீமாட்டி, காலடியில் ஆபிரிக்கா. பிரெஞ்சு மொழி வழங்கிய அத்தீவுகளில் பெண்கள் தலையில் கட்டும் கட்டம் போட்ட துணிக்கு 'மெட்ராஸ்' என்று பெயர். சோழமண்டலக் கரையில் எங்கள் நெசவாளர் நெய்து, கப்பலேறிப் போன கைக்குட்டைத் துணி அது. மார்ட்டினிக்கிலும் டொமினிக்காவிலும் இன்றும் அதுதான் தேசிய உடையின் அங்கம்.

அடுத்தது பொங்கோ. இது செத்தவீட்டு ஆட்டம். பிரேதம் போன பின்னும் இரவிரவாக விழித்திருக்கும் உறவினருக்குத் துணையாக ஆண்கள் வட்டத்துக்குள் இறங்கி, கால்களை மின்னலாகக் குறுக்கே மாற்றி மாற்றி ஒருவரையொருவர் சவாலுக்கு அழைப்பார்கள். துக்க வீட்டில் ஆட்டமா என்று கேட்க நமக்கு உரிமையில்லை. பறைமேளமும் ஒப்பாரியும் தெரிந்தவர்கள் நாங்கள்.

இவற்றையெல்லாம் சும்மா விட்டுவைக்கவில்லை ஆட்சியாளர்கள். 1881இல் திருவிழாவில் பொலிசாருக்கும் மக்களுக்கும் கைகலப்பு மூண்டது. அதன் பின் தெருவில் மேளம் அடிப்பதைச் சட்டம் போட்டு ஒடுக்கினார்கள். மக்கள் மூங்கில் துண்டுகளை நிலத்தில் குத்தித் தாளம் போட்டார்கள். பின்னாளில் எண்ணெய்ப் பீப்பாய்களைத் தட்டி இசைக்கருவியாக்கினார்கள், அதுதான் ஸ்டீல் பாண்ட். கூவிப் பாடி ஆடி வழிபடும் 'ஷவுட்டர்' கிறிஸ்தவர்களின் வழிபாடு 1917 முதல் 1951 வரை சட்டப்படி தடைசெய்யப்பட்டிருந்தது. அவர்களை வைத்தே பேர்ள் பிரைமஸ் ஒரு நடனம் அமைத்தார். பேரூர் மேடையில் அதை ஆடுவது வெறும் பொழுதுபோக்கல்ல.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். லிம்போ உங்களுக்குத் தெரியும். கொழும்பிலிருந்து கனடா வரை ஹோட்டல் விருந்துகளில் ஒரு கம்பைப் பிடித்து, அதன் கீழே முதுகை வளைத்துப் போகச் சொல்லுவார்கள். கம்பு படிப்படியாகத் தாழும். எல்லாரும் விழுந்து சிரிப்பார்கள். அதுவும் செத்தவீட்டில் ஆடப்பட்ட ஆட்டம். பழைய வழக்கில் கம்பு முதலில் மிகத் தாழ்வாக இருந்து, சிறிது சிறிதாக உயர்ந்தது என்பார்கள். மரணத்திலிருந்து உயிருக்கு எழும்புவது அதன் பொருள். மேடைக்கு வந்ததும் திசை தலைகீழாகிவிட்டது. ஏன்? பார்க்கக் காசு கொடுத்தவருக்கு வரவரக் கடினமாக வேண்டும். கடைசியில் கைதட்டல் வேண்டும். துக்கம் காக்கும் வீட்டுக்கு அது தேவைப்படவில்லை. ஓர் ஆட்டத்தின் அடவு ஒன்றும் மாறாமல், அதன் அர்த்தம் மட்டும் எப்படி மாறிப்போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எங்களிலும் இது நடந்திருக்கிறது. கும்மி வட்டமாக அடிப்பது. முகங்கள் உள்ளே பார்க்கும், பார்வையாளர் என்று ஒருவருமில்லை, நிற்பவள் அடுத்த பாட்டுக்குச் சேர்ந்துவிடுவாள். தமிழ்த்தினப் போட்டி மேடையில் அதே கும்மி அரைவட்டமாகிறது. முகங்கள் நடுவரைப் பார்க்கின்றன. எட்டுப் பேர், ஒரே உயரம், ஒரே நிறப் பாவாடை தாவணி. உயரம் கூடியவளும் குறைந்தவளும் கதிரையில். பரிசு கிடைக்கிறது, நானும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் கும்மி என்பது எவரையும் கதிரையில் இருத்தாத ஆட்டம்.

பிரைமஸும் போர்ட்டும் மேடையை விட்டுவிடவில்லை. மேடையில்லாமல் அந்த ஆட்டங்களுக்கு அமெரிக்காவில் மரியாதை கிடைத்திராது. ஆனால் மேடையோடு நிறுத்தவுமில்லை. பாடசாலைகளுக்கும் கல்லூரிகளுக்கும் போய், இந்த அசைவு யாருடையது, எப்போது ஆடப்படுவது என்று விளக்கி ஆடினார்கள். 1959இல் லைபீரியாவில் ஒரு கலை நிலையத்தை அமைக்கும் பொறுப்பை ஏற்று அங்கே போனார்கள். திரும்பி வந்தபின், 1960களில், நியூயோர்க் ஆரம்பப் பாடசாலைகளில் நடனத்தின் வழியே பிற மக்களின் வாழ்வைக் கற்பிக்கும் திட்டத்தைப் பேர்ள் நடத்தினார். பேர்சிவல் பல்கலைக்கழக ஆசிரியரானார். பேர்ள் 1978இல், அறுபதை நெருங்கும் வயதில், கலாநிதிப் பட்டம் பெற்றார். லைபீரியாவின் மானோ இனப் பிள்ளைகளுக்கு முகமூடிகள் எவ்வாறு பாடம் புகட்டுகின்றன என்பது ஆய்வுப் பொருள். வைத்தியராக முடியாமற்போன பெண் வேறு வழியில் 'டொக்டர்' ஆனார் என்று நான் வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

கணவனும் மனைவியுமாகக் கற்பித்ததில் இன்னொரு நன்மை உண்டு. இந்த ஆட்டங்களில் ஆணுக்கு ஒரு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு. எங்கள் பாடசாலைகளில் ஆண் வேடத்துக்கும் ஒரு பெண் பிள்ளைக்கு மீசை வரைகிறோம். அதில் குறையில்லை, ஆனால் வீட்டில் அப்பாவும் சேர்ந்து ஆடக்கூடியது என்ற எண்ணமே பிள்ளைக்கு வராமற்போகிறது. சோடியாக ஆடுவது எங்கள் நாட்டுக்கு அந்நியம் என்றும் சொல்லிவிட முடியாது. மட்டக்களப்புப் பறங்கியர் திருமண வீடுகளில் வயலின் இசைக்கு கப்ரிஞ்ஞாவும் லான்சர்ஸும் இன்றும் ஆடுகிறார்கள். அந்த லான்சர்ஸ், ஐரோப்பாவிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போன குவாட்ரில் ஆட்டத்தின் உடன்பிறப்பு. ஒரே ஆட்டம் இரண்டு சமுத்திரங்களைத் தாண்டி இரண்டு தீவுகளில் வேர் பிடித்திருக்கிறது. இதைப் பார்க்க விமானம் ஏறத் தேவையில்லை, மட்டக்களப்பு பஸ் போதும்.

பேர்சிவல் போர்ட் 1979இல் நியூயோர்க்கில் ஒரு நிகழ்ச்சியில் ஆடி முடித்து மேடையை விட்டு வந்த சற்று நேரத்தில் மாரடைப்பால் இறந்தார். பேர்ள் அதன் பின்னும் பதினைந்து வருடம் வாழ்ந்தார், கற்பித்தார். 1991இல் அமெரிக்க ஜனாதிபதியின் கையால் தேசியக் கலைப் பதக்கம் பெற்றார். 1994இல் மறைந்தார். இருவருக்கும் முன்னே பிறந்த அந்தப் பள்ளிக்கூட ஆசிரியை மக்பேர்னி இருவருக்கும் பின்னே, 2000ஆம் ஆண்டு வரை இருந்தார். அவர் கட்டிய லிட்டில் கரிப் இப்போதும் போர்ட் ஒஃப் ஸ்பெயினில் இருக்கிறது.

ரொறொன்ரோவிலிருந்து வந்திருக்கும் தங்கைமாருக்கு ஒரு வேண்டுகோள். 1967 முதல் உங்கள் நகரத்தில் ஆண்டுதோறும் கரிபியன் திருவிழா நடக்கிறது. லண்டன்காரருக்கு ஓகஸ்ட் கடைசியில் நொட்டிங் ஹில். அந்த நாட்களில் தெரு மூடியிருக்கும் என்று வீட்டில் இருந்துவிடாமல் ஒருமுறை போய்ப் பாருங்கள். பக்கத்து வீட்டு டிரினிடாட் அம்மாவிடம் பெலே தெரியுமா என்று கேளுங்கள்.

பின்னேர நிகழ்ச்சி நிரலில் 'கும்மி' என்று அச்சாகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை மண்டபத்து மேடையில் வைக்காமல் வேப்பமரத்தடி முற்றத்தில் வைக்க அதிபர் அனுமதி தந்திருக்கிறார். ஒத்திகை கிடையாது. பாட்டெடுக்க எனக்கு இரண்டு பேர் வேண்டும், குரல் உள்ள அக்காமார் தேநீர் நேரத்தில் பெயர் தாருங்கள். முழங்கால் நோ உள்ளவர்கள் மெல்ல நடந்தே சுற்றலாம். உங்களை விட்டுவரப் போகும் கணவன்மாரையும் மகன்மாரையும் வாசலில் நிறுத்திவிட வேண்டாம். நாலரை மணிக்குத் தொடங்குகிறோம்.