வாவிக்கரையில் காக்க வேண்டிய இரகசியம்

மது, போதைப்பொருள் பழக்கத்திலிருந்து மீள வருபவர் உளவளத்துணையாளரிடம் சொன்னது அவர்கள் இருவரையும் தாண்டக் கூடாது. தொழில் ஒழுக்கத்தில் முதலாவது இதுதான். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இதைக் காப்பது பெரும்பாடு. புதிதாக ஒருவரைக் கண்டால் எந்த ஊர், என்ன குடி என்று விசாரிக்கும் இடம் இது. தாய்வழிக் குடிமுறையில் நாலு கேள்விக்குள் மாமன், மச்சான் உறவு வந்துவிடும். இன்று முன்னால் உட்கார்ந்து அழுதவரும் துணையாளரும் நாளைக்கு ஒரே கண்ணகி அம்மன் சடங்கில் நிற்பார்கள்.

ஆகவே, வெளியில் கண்டால் என்ன செய்வது என்பதை முதற் சந்திப்பிலேயே பேசிவிட வேண்டும். அவர் பேசினால் பேசுவது, பேசாவிட்டால் கடந்து போவது. கரையில் வலை பொத்திக்கொண்டிருப்பவரைத் தேடிப் போன வேளையில் அவருடைய மச்சான் வந்து நின்றால், பேச்சு இறால் விலைக்குத் திரும்ப வேண்டும். "இவர் இப்ப எப்படி, குடிக்கிறாரா?" என்று அந்த மச்சான் பிறகு அக்கறையோடு கேட்டாலும், "அவரிட்டயே கேளுங்க" என்பதற்கு மேல் ஒரு சொல் வரக் கூடாது. வந்தவர் துணையாளருக்கே நெருங்கிய சொந்தம் என்றால் வேறொருவரிடம் அனுப்புவதே முறை.

மனைவிமார் கேட்பது இதைவிடக் கடினம்: சோற்றில் கலந்து கொடுக்க மருந்து இருக்கிறதா? டைசல்பிராம் என்ற மாத்திரையை எடுத்தவர் குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், இரத்த அழுத்தம் விழும், உயிரும் போகலாம். குடிப்பவர் அறிந்து, சம்மதித்து, வைத்தியரின் கண்காணிப்பில் எடுக்க வேண்டிய மருந்து அது. களவாய்க் கொடுக்கத் துணையாளர் உதவக் கூடாது. அதற்காக, அடிபட்டு வந்த பெண்ணை வெறுங்கையோடு அனுப்புவதும் தவறு. அன்றிரவு அவரும் பிள்ளைகளும் எங்கே படுப்பது என்பது வரை கேட்க வேண்டும். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற எண்ணையும் கொடுத்தனுப்பலாம்.

நாள்தோறும் கசிப்புக் குடித்தவரிடம் "இன்றைக்கே விடுங்க" என்பதும் ஆபத்து. சட்டென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும். அவருக்கு முதலில் தேவை ஆஸ்பத்திரி.

இரகசியத்துக்கும் எல்லை உண்டு. பிள்ளைக்கு ஆபத்து, தற்கொலை எண்ணம் என்றால் உரியவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். போதைப்பொருளுக்கு அடிமையானவர்களின் சிகிச்சை பற்றிய 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின்படி நீதிமன்றம் அனுப்பிய ஒருவர் என்றால், அறிக்கையில் எது எழுதப்படும், எது எழுதப்படாது என்பதை அவர் வாய் திறக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.