காணொளி இறக்கும் கருவியைத் தெரிதல்

களனி கங்கை கடலோடு கலக்குமிடத்தை அடுத்திருப்பது கொழும்பு மாநகரின் மட்டக்குளி. 2020ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதப் பிற்பகுதியில் அங்கு தனிமைப்படுத்தல் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பாடசாலைகள் மூடப்பட்டிருந்த அந்நாட்களில், இணையமே பல பிள்ளைகளுக்கு வகுப்பறையாயிற்று. ஒரு பாடத்தை மும்முறை பார்த்தால் மும்மடங்கு இணையத் தரவு செலவாகும். ஒருமுறை கணினியில் இறக்கி வைத்தாலோ, இணைப்பு அறுந்தபோதும் பாடம் அறாது. காணொளி இறக்கும் மென்பொருளைப் பலர் நாடுவது இத்தகைய தேவையினாலேயே.

ஆயினும், இலவசம் என்னும் சொல்லொன்றையே நம்பி ஒரு மென்பொருளை ஏற்பது தகாது. அதனோடு வேண்டாத நிரல்களும் புகுந்துவிடக்கூடும். பிள்ளை பாடம் படிக்கும் கணினியிலேதான் பெற்றோரின் வங்கி அலுவலும் நடைபெறுகின்றது என்பதை மறத்தலாகாது.

ஆகவே, ஆராய வேண்டியவை மூன்று. முதலாவது, மென்பொருளின் மூலநிரல் வெளிப்படையானதா என்பது. 2006இல் தோன்றிய யூடியூப்-டிஎல் அத்தகையது. மட்டக்குளி அடைபட்டிருந்த அதே ஒக்டோபரில், அமெரிக்க இசைப்பதிவுத் தொழிற் சங்கத்தின் முறைப்பாட்டினால் அது கிட்ஹப் தளத்திலிருந்து அகற்றப்பட்டது. நவம்பரில் மீண்டும் இடம்பெற்றது. அதன் வழித்தோன்றலே ஒய்டி-டிஎல்பி. கட்டளையைத் தட்டச்சுச் செய்து இயக்க வேண்டியதாகையால், அதற்குச் சிறிது பயிற்சி வேண்டும். பல காணொளிகளில் படமும் ஒலியும் தனித்தனியே வருவதால், அவற்றை இணைக்கும் எஃப்எஃப்எம்பெக் என்னும் துணைக்கருவியும் உடனிருத்தல் நன்று.

இரண்டாவது, பெறுமிடம். தேடுபொறியின் உச்சியில் தோன்றும் விளம்பரத்தை விடுத்து, ஆக்கியோரின் சொந்தத் தளத்திலேயே பெறுதல் வேண்டும். மூன்றாவது, அக்கருவி கேட்பது யாது என்பது. எவரும் பார்க்கத்தக்க காணொளிக்குக் கடவுச்சொல் வேண்டியதில்லை. அதனைக் கேட்பதையும், நச்சுநிரற் காப்பை நிறுத்தச் சொல்வதையும் உடனே விலக்குக.

இவற்றுக்கெல்லாம் முற்பட்டது உரிமை பற்றிய வினா. யூடியூப் தன் விதிகளில், தான் இடமளித்தாலன்றி இறக்குதலைத் தடுத்துள்ளது. இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் படைப்பாளரின் உரிமையைக் காக்கின்றது. பாடம் நடத்திய ஆசிரியரிடமே பிரதியைக் கேட்டுப் பெறலாம். இன்ரநெற் ஆக்கைவ் போன்ற தளங்கள் பல காணொளிகளைத் தாமே இறக்கத் தருகின்றன. அவ்விடங்களில் தனிக்கருவி எதுவும் வேண்டியதில்லை. கேட்டுப் பெறக்கூடியதைக் கேட்டுப் பெற்று, எஞ்சியதற்கு மட்டும் கருவியைத் தேடுவதே அறிவுடைமை.