கழித்தலில் கிடைத்த வேகம்

இயக்க நரம்புகளைப் பற்றிய இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை தாங்க வந்திருக்கிறேன். மேடையில் மூத்த பேராசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் இன்று நான் சொல்லப்போவது பெரும்பாலும் சோதனைக்கூடத் தொழில்நுட்பர்களுக்கும் முதுநிலை மாணவர்களுக்கும்தான். நாள்தோறும் நோயாளியின் கையைப் பிடித்து மின்முனை ஒட்டுகிறவர்கள் நீங்கள்.

தண்டுவடத்தின் முன்கொம்பில் இருக்கும் ஓர் இயக்க நரம்பணுவை எடுத்துக்கொள்வோம். அதன் உடல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. அதிலிருந்து கிளம்பும் இழையோ பாதத்துச் சிறு தசைவரை ஏறக்குறைய ஒரு மீட்டர் ஓடுகிறது. தசைக்குள் போனதும் கிளைவிட்டுப் பல நார்களைப் பற்றிக்கொள்கிறது. கண்ணை அசைக்கும் தசையில் ஓர் இழைக்குப் பத்து நார் அளவில் இருக்கும். கெண்டைக்கால் தசையில் ஆயிரத்தைத் தாண்டும். நரம்பணுவையும் அதற்குரிய நார்களையும் சேர்த்து ‘இயக்க அலகு’ என்றார் உடலியங்கியலாளர் ஷெரிங்டன். இழையின் முனையில் மின்னோட்டம் நின்றுவிடுகிறது. அங்கே அசிட்டைல்கோலின் சுரந்து, இடைவெளியைக் கடந்து, தசையில் புதிதாக ஓர் அலையை எழுப்புகிறது. இந்தக் கைமாற்றத்துக்கும் நேரம் பிடிக்கும். நரம்பின் வேகத்தைக் காண நாம் செய்யும் கணக்கு முழுவதும் இந்தச் சிறு தாமதத்தைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

நரம்பின் வேகத்தை அளக்க வழியே இல்லை என்று ஜெர்மனியின் பெரிய உடலியங்கியல் ஆசான் யோஹன்னஸ் முல்லர் கருதினார். 1850-இல் கோனிக்ஸ்பர்க் நகரில் அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதை அளந்தே காட்டினார். அப்போது அவருக்கு வயது 28. தவளையின் கால் நரம்பைக் கெண்டைத் தசையோடு எடுத்து, தசைக்குப் பக்கத்தில் ஒருமுறையும் தள்ளி ஒருமுறையும் தூண்டினார். நரம்பும் தசையும் சேரும் சந்தியில் ஆகும் தாமதமும் தசை சுருங்கத் தொடங்க ஆகும் தாமதமும் இரண்டு முறையும் ஒன்றுதான். பெரிய நேரத்திலிருந்து சிறியதைக் கழித்தால் அவை அடிபட்டுப்போகும், நரம்பில் ஓடிய நேரம் மட்டும் மிஞ்சும். அவருக்குக் கிடைத்த விடை நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர். நரம்புச் செய்தி மின்னல் வேகத்தில் பாய்கிறது என்ற நம்பிக்கை அன்றோடு முடிந்தது.

நம் கூடத்தில் இன்றும் நடப்பது அந்தக் கழித்தல்தான். மணிக்கட்டில் நடுநரம்பைத் தூண்டினால் கட்டைவிரல் மேட்டுத் தசையில் 3.5 மில்லிநொடியில் அலை எழுகிறது, முழங்கையில் தூண்டினால் 7.5-இல். வித்தியாசம் 4 மில்லிநொடி. இடைத்தூரம் 22 சென்டிமீட்டர் என்றால் வேகம் நொடிக்கு 55 மீட்டர். இது நலமான நரம்பு. இதே கையில் டேப் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் 2.5 மீட்டர் கூடவோ குறையவோ செய்யும். இயந்திரம் எவ்வளவு விலை உயர்ந்தது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வேகம் மட்டும் போதாது, அலையின் உயரத்தையும் படிக்க வேண்டும். இழையைச் சுற்றியிருக்கும் மயலின் உறை கெட்டால் வேகம் விழும். உள்ளிருக்கும் இழையே அழிந்தால் வேகம் ஓரளவு நிலைக்கும், உயரம்தான் சரியும். உறை சீக்கிரம் வளரும். இழை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். ஆகவே குணமாக ‘எத்தனை மாதம்’ என்று நோயாளிக்கு நாம் சொல்லும் பதில் வேகம், உயரம் என்ற இந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

குளிர்ச்சி நரம்பை மந்தமாக்கும் என்பதை ஹெல்ம்ஹோல்ட்ஸே கண்டிருந்தார். பிறகு பாக்ஸ்ட் என்பவரோடு சேர்ந்து மனிதக் கையிலும் அதைச் சோதித்தார். தோல் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் குறையும். இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன், தேர்விலும் எழுதியிருந்தேன். ஆனாலும் பயிற்சிக் காலத்தில் தவறு செய்தேன். கை மரத்துப்போகிறது என்று ஒரு மீன் வியாபாரி அம்மா வந்தார். விடிகாலையிலிருந்து ஐஸில் கை வைத்துவிட்டு நேராக வந்திருந்தார். மணிக்கட்டில் 4.9 மில்லிநொடி வந்தது. நரம்பு அழுந்தியிருக்கிறது என்று அறிக்கை எழுதத் தொடங்கிவிட்டேன். பக்கத்தில் நின்ற மூத்த தொழில்நுட்பர் மெல்லக் கேட்டார்: “டாக்டர், அந்தம்மா கையத் தொட்டுப் பாத்தீங்களா?” தொட்டேன். சில்லிட்டிருந்தது. வெந்நீர் கொண்டுவந்து கால் மணி நேரம் கையை வைத்திருக்கச் சொன்னார். மறுபடி பார்த்தால் 3.7. அலையின் உயரமும் முன்பைவிடச் சற்றுக் குறைந்திருந்தது. குளிர்ந்த கையில் வேகம் குறைந்தாலும் உயரம் கூடும். அந்தத் துப்பு முதல் அளவிலேயே திரையில் இருந்தும் நான் கவனிக்கவில்லை. அந்த அம்மாவை அறுவைக்கு அனுப்பாமல் காப்பாற்றியது தொட்டுப் பார்க்கச் சொன்ன அந்தக் கேள்விதான்.

இன்னொன்று. நோயாளிகள் இதைக் ‘கரண்ட் வைக்கிற டெஸ்ட்’ என்கிறார்கள், பயந்துகொண்டே படுக்கிறார்கள். பயந்த தசை தளராது, திரையில் அடிக்கோடு ஆடும். எங்கே சுண்டும், விரல் எப்படித் துள்ளும் என்பதைத் தூண்டுவதற்கு முன்பே தமிழில் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டால் பாதிச் சிரமம் குறையும்.

எனவே உங்களிடம் என் வேண்டுகோள் இது. அறிக்கையில் தோல் வெப்பநிலைக்கென்று ஒரு கட்டம் இருக்கட்டும், அது ஒருநாளும் காலியாக இருக்க வேண்டாம். கை 32 டிகிரிக்குக் கீழே இருந்தால் முதலில் சூடேற்றுங்கள், பிறகு அளந்து எழுதுங்கள். இந்த வேண்டுகோளோடு கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.