அஞ்சி வந்தார்க்கு அடைக்கலம்

(அட்சய திருதியை விழாச் சொற்பொழிவு)

அருகன் திருவடி போற்றி. 

அட்சய திருதியை தானத்தின் திருநாள். துறவு பூண்ட ஆதிபகவன் உணவின்பொருட்டு ஊர்தோறும் நடந்தபோது, மக்கள் பொன்னையும் மணியையும் யானையையும் குதிரையையும் அவர்முன் கொண்டுவந்து நிறுத்தினர். அவர்களிடம் அன்பு குறைவில்லை. வந்தவர்க்கு வேண்டுவது யாது என்னும் அறிவே குறைவாயிருந்தது. அத்தினாபுரத்துச் சிரேயாம்சன் முற்பிறவி நினைவால் அதனை உணர்ந்து கருப்பஞ்சாறு அளித்தான். தேவையறிந்து கொடுப்பதே தானம் என்று அந்நாள் உலகுக்கு உணர்த்திற்று.

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நால்வகைப்படும். இவற்றுள் அபய தானம் புலால் மறுத்தல், சிற்றுயிர் காத்தல் என்னும் அளவில் நின்றுவிடுவதுண்டு. அஞ்சி வாயிலில் வந்து நிற்கும் மனிதரைக் காப்பதும் அதனுள் அடங்கும். இதற்கு ஒரு கிறித்தவச் சிற்றூர் சான்றாய் விளங்குகிறது.

பிரான்சு நாட்டின் நடுத்தெற்கே, ஏறத்தாழ 1,000 மீட்டர் உயர மேட்டுநிலத்தில் உள்ளது லெ ஷம்போன் என்னும் ஊர். அங்கு வாழ்ந்தோருள் பெரும்பாலோர் சீர்திருத்தக் கிறித்தவ உழவர். 1685இல் மன்னன் பதினான்காம் லூயி அவர்தம் சமய உரிமையைப் பறித்தபின், அவர்களின் முன்னோர் காட்டிலும் மலையிலும் மறைந்து வழிபட்டனர். அந்நினைவு ஊராரின் நெஞ்சில் வழிவழியாக நிலைத்திருந்தது.

1940 சூன் 22இல் பிரான்சு ஜெர்மனியிடம் பணிந்தது. மறுநாள் ஞாயிறு. ஆந்திரே திரோக்மே, எதுவார் தெயிஸ் என்னும் அவ்வூர்ப் போதகர் இருவரும், வன்முறையைப் படைக்கல வலியாலன்றி ஆன்ம வலியால் எதிர்க்க வேண்டும் என்று திருச்சபையாருக்கு எடுத்துரைத்தனர். திரோக்மே கொல்லாமையை உறுதியாகப் பற்றியவர்.

அக்குளிர்காலத்தில் ஒரு நாள், ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த யூதப் பெண்மணி ஒருத்தி பனியில் நனைந்து போதகர் இல்லத்துக் கதவைத் தட்டினாள். போதகரின் துணைவியார் மக்தா அவளை உள்ளே அழைத்து, உணவளித்து, ஈரக் காலணிகளை அடுப்பருகே உலர வைத்தார். அவை தீய்ந்து போயின. போர்க்காலத்தில் காலணி கிடைத்தற்கரியது. ஆயினும் மக்தா ஊருக்குள் சென்று வேறு காலணி தேடிப் பெற்றார். அவளுக்கு உரிய சான்றிதழ் கேட்டு ஊர்த் தலைவரிடம் சென்றபோதோ, அயலாள் ஒருத்திக்காக ஊரையே இடருக்குள்ளாக்குவதா என்று அவர் மறுத்துவிட்டார். அப்பெண்ணை வேறிடத்திற்கு அனுப்ப நேர்ந்தது. அத்துயரம் மக்தாவின் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. பின்னர் வந்தவர்களுக்கு அவர் வீட்டுக் கதவு திறந்தேயிருந்தது.

மேட்டுநிலம் எங்கணும் பண்ணை வீடுகளும் விடுதிகளும் அடைக்கலமாயின. 1938இல் போதகர்கள் தொடங்கிய பள்ளியில், வந்த பிள்ளைகள் பயின்றனர். ரொழே லெ ஃபொரெஸ்தியே என்னும் மருத்துவர் நோயுற்றோரைப் பேணினார். நால்வகைத் தானமும், அப்பெயரே அறியாத ஓர் ஊரில், ஒருங்கே நிகழ்ந்தன. அங்கு ஒதுங்கிய யூதர்கள் 3,000 பேருக்கு மேல் என்பர். 5,000 என்று கணிப்பாரும் உளர். 1942 கோடையில் காவலர் வந்து யூதர் பட்டியல் கேட்டபோது, திரோக்மே தர மறுத்தார்.

இங்கே ஓர் அறச்சிக்கல் எழுகிறது. வந்தவர்களைக் காக்கப் போலிச் சான்றுகளும் மாற்றுப் பெயர்களும் வேண்டியிருந்தன. பொய்யைப் பாவமெனக் கற்பிக்கும் இல்லங்களில் இஃது எளிதாக ஏற்கத்தக்கதன்று. சமண அறநூல் இதற்கு விடை தருகிறது. ஆசாரிய சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், பிறர்க்குக் கேடு விளைக்குமாயின் உண்மையையும் உரையாதிருத்தலை இல்லறத்தாரின் வாய்மை விரதத்துள் அடக்கினார். கொல்லாமையே வேர், ஏனைய விரதங்கள் அதனைக் காக்கும் வேலி.

1943 பிப்ரவரியில் திரோக்மேயைச் சிறைபிடிக்கக் காவலர் வந்தனர். அது இரவுணவு வேளை. மக்தா அவர்களையும் உணவுண்ண அழைத்தார். கணவரைக் கொண்டுசெல்ல வந்தவரிடத்தும் விருந்தோம்பல் மாறவில்லை. போதகர் சில வாரங்களில் விடுதலை பெற்றார். ஆனால், மாணவர்களோடு பிடிபட்ட அவர் உறவினர் தானியேல் திரோக்மே 1944இல் மைதானெக் முகாமில் உயிர்நீத்தார். மருத்துவர் லெ ஃபொரெஸ்தியே அவ்வாண்டு ஆகஸ்டில் கொல்லப்பட்டார். அபய தானத்தின் விலை சிலவேளை அத்துணைப் பெரிது.

தமிழ்ச் சமணரும் அடைக்கலத்தின் அருமை அறிந்தவர்களே. செஞ்சிப் பகுதியில் இடர் சூழ்ந்த காலத்தில், தாயனூர் காங்கேய உடையார் உடையார்பாளையத்து நிலத்தலைவரிடம் புகலடைந்தார் என்பது முன்னோர் வழிவழி கூறிவரும் செய்தி. காத்தவர் சமணரல்லர், எனினும் காத்தார். ஒருகால் அடைக்கலம் பெற்ற குலத்திற்கு அடைக்கலம் கொடுத்தல் தீராக் கடமையாகும்.

இன்று வாயிலில் வருபவர் மொழி தெரியாத கட்டடத் தொழிலாளியாயிருக்கலாம். பேருந்தைத் தவறவிட்ட வழிப்போக்கராயிருக்கலாம். வீட்டில் அடி தாங்காமல் ஓடிவந்த அடுத்த தெருப் பெண்ணாயிருக்கலாம். அவர் யார், எவ்வினம் என்று ஆராயுமுன், அவர்க்கு இப்போது வேண்டுவது யாது என்று கேட்டலே சிரேயாம்சன் காட்டிய நெறி. வடிகட்டிய நீர் ஒரு குவளை, உண்பதற்கு ஓரிடம், அஞ்சாதே என்னும் ஒரு சொல். இவற்றை ஈதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. கதவைத் திறக்கும் மனமே வேண்டும்.

அறம் வளர்க! அனைத்துயிரும் அச்சமின்றி வாழ்க!