பத்தில் ஒன்று, பத்துடன் ஒன்று



மருத்துவ ஆய்வகப் பணியாளர்களும் பயிற்சி மாணவர்களும் கூடியுள்ள இந்தக் கருத்தரங்குக்கு என்னைத் தலைமை தாங்கச் சொன்னீர்கள்; நன்றி. புதிய கருவிகளைப் பற்றிப் பேச அறிஞர்கள் வந்திருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது பயிற்சியின் முதல் வாரப் பாடம்: நீர்த்தலும் அலகும்.

நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு நோயாளியின் சர்க்கரை கருவியின் அளவெல்லையைத் தாண்டிவிட்டது. "ஒன்றுக்குப் பத்து டைல்யூட் பண்ணிப் போடு" என்றார் மூத்தவர். 100 மைக்ரோலிட்டர் சீரத்துடன் 1000 மைக்ரோலிட்டர் சலைன் சேர்த்தேன். கருவி 52 காட்டியது; பத்தால் பெருக்கி 520 என்று எழுதினேன். ஆனால் குழாயில் இருந்தது பதினொரு பங்கு. உண்மை அளவு 572. சேர்த்திருக்க வேண்டியது 900 மைக்ரோலிட்டர்தான். அறிக்கை வெளியே போகுமுன் மூத்தவரே கண்டுபிடித்துத் திருத்தினார். பிழை என்னுடையது, அதற்கு இடம் கொடுத்தது 1:10 என்ற எழுத்துமுறை. அந்த இரு புள்ளிகளைச் சிலர் 'பத்தில் ஒன்று' என்று படிக்கிறோம், சிலர் 'பத்துடன் ஒன்று' என்று படிக்கிறோம். தமிழில் வாய்விட்டுச் சொன்னால் 'இல்', 'உடன்' என்ற உருபுகளே வேறுபாட்டைக் காட்டிவிடுகின்றன.

பழைய வெள்ளணு பிப்பெட்டை நினைத்துப் பாருங்கள். இரத்தம் 0.5 கோடு வரை, நீர்மம் 11 கோடு வரை. 22 மடங்கு என்றுதான் தோன்றும். ஆனால் தண்டில் நிற்கும் ஒரு பங்கு நீர்மம் இரத்தத்துடன் கலப்பதில்லை. குமிழில் உள்ளவை பத்துப் பங்குகளே. ஆகவே 20 மடங்கு. நியூபாவர் அறையில் நான்கு மூலைச் சதுரங்களின் கொள்ளளவு 0.4 கன மில்லிமீட்டர். 20ஐ 0.4ஆல் வகுத்தால் 50. 160 அணுக்களை எண்ணினால், கன மில்லிமீட்டருக்கு 8000. இந்த 50ஐ மனப்பாடமாக மட்டும் அறிந்தவர், அணுக்கள் மிகக் குறைந்த நோயாளிக்குப் பத்தில் ஒன்றாக நீர்த்துவிட்டும் 50ஆலேயே பெருக்கிவிடுவார். அப்போது வேண்டியது 25. நோயாளியின் எண்ணிக்கை தாளில் இரட்டிப்பாகிவிடும். ஹீமோகுளோபினுக்கு 5 மில்லிலிட்டர் டிராப்கின் கரைசலில் 20 மைக்ரோலிட்டர் இரத்தம் விடுகிறோமே, அது 250 அல்ல, 251 மடங்கு.

அலகுக்கு வருகிறேன். உலக சுகாதாரப் பேரவை 1977இலேயே மருத்துவத்தில் எஸ்.ஐ. அலகுகளைப் பரிந்துரைத்தது. ஆயினும் நம் ஊரில் சர்க்கரையை டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் சொல்கிறோம். சிங்கப்பூரிலும் லண்டனிலும் லிட்டருக்கு மில்லிமோலில் சொல்கிறார்கள். அங்கிருந்து விடுமுறைக்கு வரும் நம் உறவினர் கையிலுள்ள தாளில் 7 என்றிருந்தால், 18ஆல் பெருக்குங்கள்: 126. வெறும் வயிற்றில் எடுத்ததென்றால், நீரிழிவைக் குறிக்கும் எல்லைக்கோடு அது. கால்சியம் இன்னும் கவனத்துக்குரியது. ஒரே இரத்தத்தில் அது 10 மில்லிகிராம் என்றும், 5 மில்லிஈக்குவலன்ட் என்றும், 2.5 மில்லிமோல் என்றும் எழுதப்படலாம். முதலாவது டெசிலிட்டருக்கு, மற்ற இரண்டும் லிட்டருக்கு. அலகை விட்டுவிட்டு 5 என்று மட்டும் எழுதினால், மில்லிகிராமுக்குப் பழகிய மருத்துவர் உடனே ஊசி மருந்தைத் தேடுவார்.

இன்று கட்டுரை படிக்கவிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பலகையில் நீர்த்தலைக் குறிக்கும்போது 1 + 9 என்றே எழுதுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் அலகையும் எழுதுங்கள். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.