சோற்றிலும் உயர்வு தாழ்வா?

(கொல்லிமலையில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் கடவுளைப் பற்றியோ சாஸ்திரத்தைப் பற்றியோ பேச வரவில்லை. உங்கள் வீட்டு அடுப்பிலிருக்கும் பானையைப் பற்றியே பேச வந்திருக்கின்றேன்.

இக்கொல்லிமலைக்கு ஏறிவரும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அதில் இறங்கிப் போகும் லாரியில் இருப்பது என்ன? மரவள்ளிக் கிழங்கு, ஜவ்வரிசி ஆலைக்குப் போகின்றது. ஏறிவரும் லாரியில் இருப்பது என்ன? ரேஷன் அரிசி. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த காடுகளில் பெரும்பகுதி, சில பத்தாண்டுகளில் கிழங்குக் காடாய்விட்டது.

கிழங்கு கையில் காசு கொடுக்கின்றது. அதை நான் குறைகூறவில்லை. ஆனால் வயிற்றின் கணக்கையும் பார்க்க வேண்டாமா? 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கின்றது. தீட்டிய அரிசியிலோ 10 மில்லிகிராம் அளவுதான். 100 கிராம் சாமையில் புரதம் சுமார் 8 முதல் 10 கிராம். மரவள்ளியில் 1 கிராம் அளவே. வளரும் குழந்தையின் எலும்புக்கும் சதைக்கும் எது வேண்டுமென்று நீங்களே யோசியுங்கள்.

அப்படியிருந்தும் அரிசிக்கு மட்டும் ஏன் இவ்வளவு மரியாதை? மனிதரில் மேல் கீழ் வைத்ததுபோலவே தானியத்திலும் வைத்துவிட்டார்கள். விருந்துக்கு நெல்லுச்சோறு, பாடுபடுகிறவனுக்குக் களி! களி தின்பது இழிவென்று சொல்லிச்சொல்லி, தின்றவனையே வெட்கப்படச் செய்துவிட்டார்கள். தவிட்டை மாட்டுக்குப் போட்டுவிட்டு, வெள்ளைச் சோற்றைக் கௌரவமென்று உண்ணுகின்றோம்.

இதனால், சாமை தின்றால் சகல வியாதியும் பறந்துபோகுமென்று நான் சொல்லுவதாக எண்ணிவிடாதீர்கள். அதுவும் ஒரு மூடநம்பிக்கையே. சாமையையும் வெள்ளையாகத் தீட்டினால் அதன் சத்தும் தவிட்டோடு போய்விடும். அதோடு பருப்பும் கீரையும் முட்டையும் வேண்டும்.

சிலர் "பாட்டி காலத்துச் சோறு" என்று மேடையில் புகழ்கிறார்கள். பாட்டியின் தோள்வலியை அவர்கள் கேட்டார்களா? சாமையின் உமி எளிதில் விடாது. உரலில் குத்திப் புடைத்து, மறுபடியும் குத்தி எடுத்தது யார்? பெண்கள். ரேஷன் அரிசி வந்ததும் அவர்கள் உலக்கையைக் கீழே வைத்தது நியாயமே. ஆதலால் வேண்டியது புகழ்ச்சியல்ல, யந்திரம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மலையில் 1990களிலிருந்து சிறுதானிய வேலை செய்து, உமி நீக்கும் யந்திரங்களைக் குழுக்களின் கையில் கொடுத்தது. அறிவு செய்ய வேண்டிய காரியம் இதுவே.

2013ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அரிசி, கோதுமையோடு சிறுதானியமும் சேர்க்கப்பட்டிருக்கின்றது. 2023இல் நீலகிரி, தருமபுரி ஜில்லாக்களில் ரேஷன் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். இம்மலையில் விளையும் சாமையை நல்ல விலைக்கு வாங்கி, இம்மலைக் குழந்தைகளுக்கே கொடுங்களென்று கேட்க நமக்கு என்ன தடை?

தோழர்களே! நான் சொன்னேன் என்பதற்காக இதை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய்ப் பானையைத் திறந்து பாருங்கள். உங்கள் குழந்தையின் கை காலைப் பாருங்கள். பிறகு உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள்.