காத்திரு என்பதும் ஒரு தீர்ப்புதான்

(மணவாள நகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

பட்டா, சாதிச் சான்றிதழ் என்று தாலுகா ஆபீசுக்கு நடந்து செருப்பு தேய்ஞ்சவங்க நாம. "பைல் மேல போயிருக்கு, அப்புறம் வா" என்பது நமக்குப் பழகிய வார்த்தை. 1990இலிருந்து அதையே கேட்டுக்கிட்டிருக்கிற சனங்க நம்ம மாவட்டத்திலேயே, கும்மிடிப்பூண்டி முகாமில் இருக்காங்க.

என்னோடு காண்ட்ராக்ட் வேலை பார்த்த தம்பி அங்கே பிறந்தவன். அவன் பாட்டி மலையகத்தில் கொழுந்து பறித்தவர். குவைத் போக பாஸ்போர்ட் படிவம் வாங்கினான். குடியுரிமை பிறப்பாலா, வம்சாவளியாலா, பதிவாலா என்ற இடத்தில் பேனா நின்னுபோச்சு. "அண்ணே, இதுல எதுக்கு டிக் போடறது?" எனக்குப் பதில் தெரியல.

அந்தக் கட்டத்தைக் காலியாக்கியது யார்? வெள்ளைக்காரன் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோன கூலிகளில் பெரும்பகுதி நம்ம சேரி சனம். 1948இல் இலங்கைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேருக்கு? 'பிறகு பார்க்கலாம்'. பத்து வருஷம் கழித்து, 1974இல், ஆளுக்குப் பாதி. அந்தச் சனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கல.

கலவரத்துக்குத் தப்பிப் படகில் வந்தவனிடம் விசா ஏது? 2003 திருத்தம் அவனைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்கிறது. பதிவு மூலம் குடியுரிமை கேட்கிற வழியும் அடைபட்டது. 2019 ஜூனில் 65 பேர் தொடுத்த வழக்கில், மனுக்களைப் பதினாறு வாரத்தில் முடிவு செய் என்றது மதுரைக் கிளை. அதே டிசம்பரில் என்ன நடந்தது? 9ஆம் தேதி மக்களவை, 11ஆம் தேதி மாநிலங்களவை, 12ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல். மூன்று நாட்டு அகதிகளுக்கு வழி திறந்தது, முஸ்லிம்கள் வெளியே. இலங்கை பட்டியலிலேயே இல்லை.

நாலு நாளில் சட்டம் போட முடிகிற அரசுக்குத் தாமதம் என்பது இயலாமை இல்லை தோழர்களே. அது ஒரு முடிவு. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு விசா இல்லாததற்குத் தண்டனை இல்லை என்றார்கள். நல்லது. ஆனால் தண்டிக்காமல் விடுவது வேறு, குடிமகனாக ஏற்பது வேறு.

மாணவத் தோழர்களே, 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமக்களுக்கு மட்டும்தான். தன் மனு என்னாச்சு என்று அந்தத் தம்பி அதில் கேட்க முடியாது. எத்தனை மனு தேங்கிக் கிடக்கு, எந்த மேசையில், எத்தனை வருஷமா என்று நாம கேட்கலாம். நம்மகிட்ட அந்தக் காகிதம் இருக்கு. நாளைக்கே எழுதுவோம்.

ஜெய்பீம்.